அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) கைகள்: உங்க வீட்டுல பாத்ததை எழுதுங்க

வேர்க்கிளம்பிக்காரி:

முந்தாநாள் அம்மையை ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அதுலருந்து மனசு சரியில்ல.

பெருவிரலை வச்சா மெஷின் எடுக்கல. துணியால துடைச்சு வச்சா, எடுக்கல. அடுத்த விரல், அடுத்த கை, பத்து விரலும் ஆச்சு. வரிசையில பின்னால நின்ன அக்கா ஒருத்தி, "அண்டியாபீஸ் கையா? கொஞ்சம் எண்ணெய் தடவிப் பாருங்க"ன்னா. அப்பவும் இல்ல. கடைசியில என் விரலை வச்சுத்தான் அரிசி வாங்கினோம்.

அம்மை 31 வருசம் அண்டி தல்லினவ (முந்திரிக்கொட்டை உடைச்சவ). விளக்கெண்ணெயும் சாம்பலும் குழைச்சுப் பூசிட்டுதான் உட்காருவா. சின்ன வயசுல எங்களுக்கு அவ கையால சோறு ஊட்டினதே இல்ல, கரண்டிதான். கையில ஒட்டின கொட்டை ஓட்டெண்ணெய் பட்டா பிள்ளைகளுக்கு வாய் வெந்துரும்னு பயம். அன்னைக்குக் கடையிலருந்து திரும்பும்போது பஸ்ல கம்பியைக்கூடப் பிடிக்கல. கையை முந்தானைக்குள்ளயே வச்சுட்டு வந்தா.

குவைத்திலிருந்து கருங்கல்காரன்:

எங்க அக்கா தரம் பிரிக்கிற செக்ஷன். 240 எது, 320 எதுன்னு கண்ணாலேயே சொல்லுவா (ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்புங்கிற கணக்குதான் அந்த நம்பர்). பருப்புல ஒரு நூல் தொலி ஒட்டியிருந்தா அவ தட்டு மொத்தமும் திரும்பி வரும்.

போன மாசம் இங்க பெரிய கடை ஒண்ணுல முந்திரி டின் எடுத்தேன். முன்பக்கம் "பொறுப்போடு கொள்முதல் செய்யப்பட்டது"ன்னு பச்சை எழுத்து. திருப்பித் திருப்பிப் பாத்தேன். எந்த நாட்டுச் சரக்கு, எங்க டின்ல அடைச்சது, ஒரு கைப்பிடிக்கு எவ்வளவு கொழுப்பு, எல்லாம் இருக்கு. தல்லினவளுக்கு என்ன கூலி குடுத்தாங்கன்னு எங்கேயும் இல்ல. டின்னை வச்சுட்டு வந்துட்டேன். யார்கிட்டப் போய் என்ன கேக்கன்னு தெரியல.

மேல்புறம் 82:

அந்தப் பச்சை எழுத்து எப்படி வருதுன்னு நான் பாத்திருக்கேன். ஒரு ஆபீஸ்ல தரக்கட்டுப்பாட்டுல ரெண்டு வருசம் இருந்தேன், பேர் வேண்டாம். வெளிநாட்டு வாங்குறவங்க சார்பா ஆய்வுக்கு வந்தாங்க. அன்னைக்குக் காலையில எல்லாருக்கும் கையுறை, மாஸ்க், தலைக்குத் தொப்பி. போட்டோ எடுத்தாங்க, கார் கேட்டைத் தாண்டிச்சு. "கையுறையைத் திருப்பி வாங்கு"ன்னு எனக்கு உத்தரவு. சாக்கைப் பிடிச்சுட்டு வரிசையா போனேன். ஒரு வயசான அம்மா, கழட்டின கையுறையைத் தூசி தட்டி, நாலா மடிச்சு, "இந்தா மக்களே"ன்னு குடுத்தாவ. சாக்கைப் பிடிச்சது நான்தான். ஏழு வருசமாச்சு, அந்தக் கை இன்னும் கண்ணுல நிக்குது.

கணக்குப்பிள்ளை:

மேல்புறம் நண்பர் சொன்னது நடந்திருக்கும். ஆனா எல்லா ஆபீசையும் ஒரே சாக்குல போடாதீங்க. நான் கணக்கு பாத்த இடத்துல கையுறை நிஜமாவே குடுத்தோம், பெண்களே கழட்டி வச்சாங்க. கொட்டை ஐவரி கோஸ்ட்லருந்தும் தான்சானியாவுலருந்தும் கப்பல்ல வருது. நாலு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு தேறினாலே நல்ல விளைச்சல். வியட்நாம்காரன் மெஷின்ல உடைச்சு நம்மளைவிடக் குறைஞ்ச விலைக்கு விக்கிறான். கூலியை ஏத்தினா ஆபீசைப் பூட்டணும். பூட்டின அன்னைக்கு கேட் முன்னால நூறு பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோட நின்னதையும் நான் பாத்திருக்கேன்.

அருமனை டீச்சர்:

கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு: ஏன் கழட்டினாங்கன்னு கேட்டீங்களா? கூலி எடைக்கணக்கு. கையுறை போட்டா விரல் ஓடாது, பருப்பு உடையும், சாயங்காலம் தட்டுல எடை குறையும். கையைக் காப்பாத்தணும்னா கூலியை விடணும்னு வச்சுட்டு, "அவங்களே கழட்டினாங்க"ன்னு சொல்றது எப்படிச் சரியாகும்? கையுறைக்கு ஏத்தபடி கிலோ ரேட்டை மாத்தியிருந்தா அது பாதுகாப்பு.

இன்னொண்ணு. சேராங்கொட்டை பட்டா எப்படிப் பொள்ளும்னு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். முந்திரியும் அதே குடும்பம்தான். ஓட்டுக்குள்ள இருக்கிற கார்டால், அனகார்டிக் அமிலம்தான் தோலைத் தின்னுது. அந்த ஓட்டெண்ணெயை வண்டி பிரேக் லைனிங்குக்கும் பெயிண்டுக்கும் விலைக்கு வாங்குறாங்க. கையை வெந்து போக வைக்கிற எண்ணெய்லயும் காசு வருது, கைக்கு அதுல ஒரு பங்கும் இல்ல. கேரளாவுல கொல்லத்துலருந்து ஆபீஸ்கள் எல்லை தாண்டி நம்ம குமரி மாவட்டத்துக்கு வந்ததே இங்க கூலி குறைவுன்னுதான். என் வகுப்புல பாதிப் பிள்ளைங்களோட அம்மைமார் அண்டியாபீஸ். கையெழுத்துப் போட வர்றப்ப பேனாவை உள்ளங்கையில வச்சுப் பிடிப்பாங்க.

தொழிற்சங்கம் குலசேகரம்:

என் சித்தியும் தல்லினவதான், அதை அப்புறம் எழுதுறேன். வேர்க்கிளம்பித் தங்கச்சி முதல்ல செய்ய வேண்டியது. 31 வருசம்னா பி.எஃப். இருந்திருக்கணும். பத்து வருசச் சேவை இருந்தா 58 வயசுல ஓய்வூதியம், குறைஞ்சபட்சம் மாசம் 1,000 ரூபாய் (2014 செப்டம்பர்லருந்து). பிடித்தம் செஞ்ச சீட்டு, பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை எதாவது கிடைச்சா நாகர்கோவில் பி.எஃப். ஆபீஸ்ல குடுத்துக் கேளுங்க. கிராஜுவிட்டி (வேலையை விடும்போது குடுக்க வேண்டிய பணிக்கொடை) தனி: அஞ்சு வருசம் தாண்டினா வருசத்துக்கு 15 நாள் கூலி. எடைக்கூலிக்காரங்களுக்குக் கடைசி மூணு மாசச் சராசரியை வச்சுக் கணக்கு. "அவங்க பீஸ் ரேட்டு, அவங்களுக்குக் கிடையாது"ன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. நாள் கடந்து போச்சுன்னு மட்டும் சொல்லி மனுவைத் தள்ளவும் முடியாது. ஆபீஸ் பேரு நடுவுல மாறியிருந்தா அதையும் எழுதுங்க. இடைவெளி இல்லாம அதே இடத்துல அதே வேலைன்னா தொடர்ச்சின்னு வாதாட வழியிருக்கு. கூட வேலை பாத்த நாலு பேர்கிட்ட எழுதி வாங்கி வையுங்க. வெறுங்கையோட போகாதீங்க, எல்லாத்துக்கும் நகல் எடுங்க. ரேஷனுக்குக் கண்ணு பாக்கிற மெஷின் உங்க கடையில இருக்கான்னும் கேளுங்க.

வேர்க்கிளம்பிக்காரி:

எல்லாத்தையும் அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன். மேல்புறம் அண்ணன் எழுதினதுல மட்டும், "எங்களுக்கும் ஒருநாள் குடுத்தாவ, அன்னைக்கே வாங்கிட்டாவ"ன்னா. வேற ஒண்ணும் சொல்லல.

ஆபீஸ் பேரு கேட்டேன். ஒரே கட்டடம், ஒரே கேட், மூணு பேரு சொன்னா. பரண்ல ஒரு பவுடர் டப்பாவுக்குள்ள ரெண்டாவது பேர்ல அஞ்சாறு கூலிச் சீட்டு இருக்கு, பாதி செல்லரிச்சது. மத்த ரெண்டு பேர்லயும் இன்னும் ஒண்ணும் கிடைக்கல. நாளைக்குப் பெரியம்மை வீட்டுல தேடணும்.