போர் தண்ணீரில் நியான் டெட்ரா நிற்குமா?

பாளை_அப்பா:
இரண்டடி தொட்டியில் மணலும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போட்டாச்சு, மீன் இன்னும் விடவில்லை. மகளுக்கு நியான் டெட்ராதான் வேண்டுமாம், அதுவும் கூட்டமாக. வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, 900-ஐத் தாண்டுகிறது. மாநகராட்சித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். எதை ஊற்ற? மே மாத வெயிலை இது தாங்குமா?

அம்பை_மீன்தொட்டி:
போரை மறந்துவிடுங்கள் அண்ணாச்சி. நியானுக்குச் சொந்த ஊர் அமேசானின் மேல்பகுதி, அங்கே தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு. கடைக்கு வருவது பெரும்பாலும் பண்ணைக் குஞ்சு, கொஞ்சம் தாங்கும். அதற்காக 900 எல்லாம் ஆகாது. குழாயில் தாமிரபரணி வருகிறவருக்கு என்ன கவலை? வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும்.

மீன் வாங்க மட்டும் அவசரம் வேண்டாம். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் விட்டால் கழிவின் அம்மோனியா அப்படியே தண்ணீரில் நிற்கும், நியான்தான் முதலில் போய்ச்சேரும். யாரிடமாவது ஓடுகிற பழைய ஸ்பாஞ்ச் இருந்தால் காயவிடாமல் வாங்கிப் போடுங்கள், சீக்கிரம் தயாராகும்.

வாங்கினால் பத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். ரெண்டு மூணு மட்டும் விட்டால் செடிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்ளும். காலையில் லைட் போட்டதும் வெளுத்துக் கிடந்தால் பதறாதீர்கள். ராத்திரி அந்த நீலக்கோடு மங்கும், சற்று நேரத்தில் திரும்பிவிடும்.

வெயில்தான் சிக்கல். 26 டிகிரிக்கு மேல் நியானுக்குச் சுகமில்லை. என்னைக் கேட்டால் நம்ம ஊருக்கு கார்டினல் டெட்ராதான் சரி. சிவப்பு உடல் முழுக்க ஓடும், சூடும் கூடுதலாகத் தாங்கும். விலை கூட.

சேரை_வாய்க்கால்:
காசு எதற்கு? வாய்க்காலில் கொசுவலையை வீசினால் வாளி நிறைய கெண்டைக்குஞ்சு.

அம்பை_மீன்தொட்டி:
வேண்டாம் வே. தாமிரபரணிக்கென்றே உள்ள ஒரு கெண்டை அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. குஞ்சில் எது எது என்று உமக்குத் தெரியுமா? போதாக்குறைக்கு நோயும் கூடவே வரும்.

பாளை_அப்பா:
கார்டினலுக்கு மகள் சம்மதித்துவிட்டாள். சூடு குறைக்க பழைய கம்ப்யூட்டர் ஃபேன் போதுமா?

அம்பை_மீன்தொட்டி:
தாராளம். தண்ணீர் மேல் சாய்வாகக் காற்று படட்டும், ரெண்டு மூணு டிகிரி இறங்கும். மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.