கல்விசார் எழுத்து, கலப்பு முறைக் கற்பித்தல்: காணொளியைப் பார்க்கிறார்கள், வரைவு மட்டும் திருந்தவில்லை

கேள்வி
வணக்கம். முதலாமாண்டு மாணவர்கள் 48 பேருக்குக் கல்விசார் எழுத்துப் பாடத்தைக் கலப்பு முறையில் நடத்துகிறேன். வாரத்துக்கு 2 காணொளிகளும் ஒரு குறுந்தேர்வும் மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில். பிறகு ஒரு நேரடி வகுப்பு. பெரும்பாலோர் காணொளியைப் பார்க்கிறார்கள், தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆயினும் முன்னுரையின் முதல் வரைவுக்கும் இறுதி வரைவுக்கும் இடையே எழுத்துப்பிழைகள் குறைவதைத் தவிர வேறு மாற்றமே தெரிவதில்லை. மூடுலின் ஒர்க்‌ஷாப் வசதியைக் கொண்டு ஒருவர் வரைவை மற்றவர் மதிப்பிடச் செய்தேன். "நன்று", "இன்னும் விரிவாக எழுதலாம்" என்பவையே திரும்பத் திரும்ப வந்தன. எங்கே பிழை செய்கிறேன்?

பதில் 1
நேரடி வகுப்பில் என்ன நடக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லையே?

கேள்வி கேட்டவர்
காணொளியைப் பார்க்காமல் வரும் சிலருக்காக அதையே மறுபடி விளக்குகிறேன். எழுதுவது வீட்டில்தான்.

பதில் 1
அப்படியானால் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் தண்டனை. விளக்கத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உதவி மிகவும் தேவைப்படும் எழுத்தையும் அங்கேயே அனுப்பிவிட்டீர்கள். வகுப்பில் எழுத வையுங்கள். அதுவும் ஒரே ஒரு பத்தியை.

ஆய்வு முன்னுரைகளுக்கு மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் விரித்துரைத்த மூன்று நகர்வுகள் எனக்குக் கைகொடுக்கின்றன: களத்தை நிறுவுதல், அதில் உள்ள இடைவெளியைக் காட்டுதல், அந்த இடைவெளியைத் தன் ஆய்வால் நிரப்புதல். ஒரு மாணவி "இன்றைய உலகில் கைபேசி இன்றியமையாதது" என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே "இக்கட்டுரை கைபேசிப் பயன்பாட்டை ஆராய்கிறது" என்று முடித்திருந்தார். இரண்டாம் நகர்வு எங்கே என்று மட்டும் கேட்டேன். கால் மணி நேரத்துக்குப் பின், "கைபேசியில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதையே நான் படித்த கட்டுரைகள் அளக்கின்றன, குறிப்பெடுக்கும் பழக்கத்தை அது எவ்வாறு மாற்றுகிறது என்பதை அவை தொடவில்லை" என்று எழுதினார். அந்த வாக்கியம் வந்ததும் தலைப்பே சுருங்கிவிட்டது. இதை எந்தக் காணொளியும் செய்து தராது.

பதில் 2
ஒர்க்‌ஷாப் பற்றி ஒரு சொல். அதில் படைப்புக்கு 80, மதிப்பீட்டுக்கு 20 என்பதே இயல்பு அமைப்பு. அந்த 20ஐ மென்பொருள் கணக்கிடுவது, ஒருவர் இட்ட மதிப்பெண் மற்றவர்கள் இட்டவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை வைத்துத்தான். கருத்துரையை அது படிப்பதில்லை. ஆகவே "நன்று" என்று எழுதியவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்கலாம். மாதிரிப் படைப்புகளைச் சேர்த்து, சக மாணவரின் வரைவைத் தொடும் முன் அவற்றை மதிப்பிட்டே ஆகவேண்டும் என்று அமையுங்கள். மாதிரிகளில் ஒன்று சுமாரானதாக இருக்கட்டும். மிக நல்லதைக் கண்டால் மாணவர்கள் வாயடைத்துப்போகிறார்கள். "இடைவெளியைக் காட்டும் வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதுக; இல்லையெனில் எந்த வரிக்குப் பின் வரவேண்டும் என்று குறிப்பிடுக" என்பது போன்ற கேள்விக்கு "நன்று" என்று விடையளிக்க முடியாது.

கேள்வி கேட்டவர்
மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். விளக்கத்தை நிறுத்திவிட்டேன்; பார்க்காமல் வந்தவர்கள் முதல் பத்து நிமிடம் பின்வரிசையில் காணொளியைப் பார்த்துவிட்டு எழுத வருகிறார்கள். இறுதி வரைவோடு, எந்தக் கருத்துரையை ஏற்றேன், எதை ஏன் மறுத்தேன் என்று அரைப் பக்கம் கேட்டேன். மறுத்ததற்கான காரணங்களே வரைவுகளைவிட நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் 48 பேருடையதையும் படிக்க ஒரு ஞாயிறு முழுவதும் போய்விட்டது. அதைக் குறைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 2
வாரத்துக்கு 12 பேருடையதை மட்டும் படியுங்கள். யாருடைய முறை என்பதை முன்கூட்டி அறிவிக்காதீர்கள்.