அம்மாவை டயட்டீஷியனிடம் கூட்டிப்போகிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. போன வாரம் எச்பிஏ1சி 8.9 வந்தது, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியே ஏறியிருக்கிறது, அதனால் டாக்டர் மாத்திரையைக் கூட்டியதோடு டயட்டீஷியனையும் பார்க்கச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை முதல் தடவை போகிறோம்.

மூன்று நாள் சாப்பிட்டதை நேரத்தோடு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கரண்டி சோறு என்று எழுதினால் போதுமா, கிராம் கணக்கு வேண்டுமா? காலையில் நாலு இட்லி, மதியம் சோறு, நாலு மணிக்குச் சர்க்கரை போட்ட காபி, ராத்திரி தோசை, இதுதான் அம்மாவின் நாள், சோற்றையே நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று இப்போதே பயப்படுகிறார். முன்பு ஒருவர் கொடுத்த அச்சடித்த தாளில் ஓட்ஸும் ப்ரோக்கோலியும்தான் இருந்தன, நாலே நாளில் அம்மா விட்டுவிட்டார். சுண்டல், கீரை, பாசிப்பயறு என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே அளவு மாற்றித் தருபவர் என்றால் அம்மா கேட்பார், அது நிச்சயம்.

முதல் நாளில் என்னவெல்லாம் கேட்பார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பப் போகவேண்டும்? சத்துப் பவுடர் டப்பா வாங்கச் சொன்னால் எப்படி மறுப்பது? அப்புறம், அம்மா கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறார், சோற்றைக் குறைத்து மாத்திரையை அதே அளவில் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடுமே, இதை டயட்டீஷியனிடம் கேட்பதா, டாக்டரிடமா?