மாசியில் இறங்கினோம்: ஒன்றரை ஏக்கர், நாலு ஆடு, கொஞ்சம் கோழி

தோட்டத்தில் குடியிருந்து, ஆடு கோழி வளர்த்து, வீட்டுக்கு வேண்டிய காய்கறியையும் நாமே விளைவிக்கணும் என்று விசாரிப்பவர்கள் தை பிறந்ததும் அதிகமாகிவிடுகிறார்கள். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது ஒரு ஆடாவது மிஞ்சினால் சந்தோஷம்.

நாங்கள் திருப்பூரில் இருந்தோம், வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் வேலை. 2021 தை கடைசியில் மூலனூர் பக்கம் மாமனார் விட்டுப்போன ஒன்றரை ஏக்கருக்கு வந்துவிட்டோம். ஓடு போட்ட பழைய சாளை (தோட்டத்து வீடு), ஒரு போர், அதில் ஒரு மணி நேரம் ஓடினால் தண்ணீர் விட்டு விட்டு வரும். குழந்தைகள் இரண்டு பேர், கூட அத்தை. அத்தை அந்த மண்ணிலேயே நாற்பது வருஷம் ஆடு மேய்த்தவர். வந்த அன்றைக்கே அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆடு வாங்கறது சரி, பங்குனிக்கு அதுக்கு என்ன போடுவே?" நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காட்டில் புல் நின்றது, வேலியில் பச்சை இருந்தது, போதும் என்று நினைத்தேன்.

குளிர் நாட்டில் பனி உருகினதும் தோட்டத்தை ஆரம்பிப்பார்கள், அவர்களுக்கு அதற்கு அப்புறம் வருவதெல்லாம் பச்சைதான். நமக்கு அப்படி இல்லை. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மண், மாசியில் இருக்கிற பச்சை போன மழையின் மிச்சம். அது நாளுக்கு நாள் குறையத்தான் செய்யும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு கோடை ஆனது.

கன்னிவாடி ஆட்டுச் சந்தையில் நாலு வெள்ளாடு வாங்கினோம், அதில் ஒன்று சினை. பட்டிக்கு மூங்கில் படல் கட்டி, மேலே தென்னங்கீற்று போட்டோம். தோட்டத்தில் இருபது சென்ட் அளவுக்குச் சொட்டுநீர் போட்டு கத்திரி, வெண்டை, கொத்தவரை, ஓரமாகப் பீர்க்கனுக்குப் பந்தல், இடையில் சிறுகீரை. கீரை இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம், அதனால் முதல் மாசத்திலேயே வீட்டுக்குக் கீரை வாங்குவது நின்றது. அந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. என் பெரிய பெண் கூடையில் கீரை எடுத்துக்கொண்டு சாளைக்குள் வந்த நாளை இன்னும் நினைத்துக்கொள்வேன்.

கத்திரி நாற்று நட்டு ஒரு வாரத்தில் மயில் வந்தது. காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் பாதி நாற்றில் குருத்தே இல்லை. மயில் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது, அதைத் தொடவே கூடாது, தொடவும் மனசு வராது. பழைய சேலைகளை வரிசையாகக் கட்டிச் சுற்றி மறைத்தோம், பாத்தி மேல் வலை போட்டோம். வலை போட்ட பாத்தி தப்பியது, சேலையை மட்டும் நம்பின பாத்தியில் பத்து நாளில் பழகிப்போய் உள்ளே இறங்கிவிட்டது. இரண்டாவது தடவை நாற்று விட்டோம், அது வெயிலில் மாட்டிக்கொண்டது.

கோழி விஷயத்தில்தான் என் தப்பு அதிகம். பக்கத்துத் தோட்டத்து அக்கா இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் கொடுத்தார், சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி. ஒரு பெட்டை பன்னிரண்டு முட்டையில் அடை உட்கார்ந்து, இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது. குழந்தைகள் பஞ்சாரத்தைச் சுற்றியே கிடந்தார்கள். இன்னும் பெருக்கணும் என்று சந்தையில் மூன்று பெட்டை வாங்கி வந்து அன்று சாயங்காலமே மற்றவற்றோடு விட்டுவிட்டேன். அஞ்சாம் நாள் ஒரு கோழி தீனி எடுக்காமல் ஒதுங்கி நின்றது, கழிச்சல் வெள்ளையும் பச்சையுமாகப் போனது, மறுநாள் இன்னொன்று கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்தது. வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் என்று ஊசிக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஒரு வாரத்தில் குஞ்சு எல்லாம் போய், ஒரே ஒரு பெட்டை மிஞ்சியது. சின்னவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது, வராமல் தடுக்கத்தான் முடியும். குஞ்சுக்கு ஏழாம் நாள் தடுப்பு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைக்குக் கீழே தோலுக்கடியில் ஊசி. வெயில் ஏறுவதற்கு முன் பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாம் போடுவார்கள், அதைத் தவறவிடாதீர்கள். தனியாக வாங்கினால் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது: ஒரு புட்டி நூறு கோழிக்கு மேல் வரும், கலக்கிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும், ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் எடுத்து வரணும். பத்து கோழிக்காக ஒரு புட்டி உடைக்க மனசு வராமல்தான் பல வீட்டில் போடாமலே விடுகிறோம். இப்போது எங்கள் பக்கம் அஞ்சு தோட்டம் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்கிறோம். வெளியிலிருந்து வாங்கும் கோழியை மூன்று வாரம் தனியாக வேறு பக்கம் கட்டிவைக்காமல் இப்போது சேர்ப்பதே இல்லை.

பங்குனி வந்தது. அத்தை கேட்ட கேள்வியும் வந்தது. காட்டில் புல் காய்ந்து முறிந்தது, போரில் தண்ணீர் அரை மணி நேரமாகக் குறைந்தது, அந்தத் தண்ணீர் கத்திரிக்கா ஆட்டுக்கா என்று தினமும் யோசிக்க வேண்டியிருந்தது. ஆட்டுக்கு நெஞ்செலும்பு தெரிய ஆரம்பித்தது. பக்கத்தில் சோளத்தட்டு விலைக்கு வாங்கினோம், அந்த மாசம் அதன் விலை ஏறித்தான் இருக்கும். அப்போதுதான் அத்தை எங்களை ஓரத்தில் நின்ற வெள்வேல மரத்துக்குக் கூட்டிப்போனார். கோடையில்தான் அதன் காய் பழுத்து உதிரும், ஆடுகள் ஓடி ஓடிப் பொறுக்கின. இந்தப் பக்கத்தில் கொறங்காடு என்று முந்தைய ஆட்கள் விட்டுவைத்திருப்பது இதற்குத்தான்: கீழே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம், சுற்றிக் கிளுவை வேலி. மழையில் புல் தின்னும், கோடையில் காய் தின்னும், மரத்தடியில் நிழலும் கிடைக்கும். நான் வந்த புதிதில் "இந்த முள் மரத்தையெல்லாம் எடுத்துவிட்டு மாங்கன்று வைக்கலாமா" என்று கேட்டவள். அத்தை அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் அந்தக் கோடையில் நாலு ஆட்டையும் விற்றிருப்போம்.

சினையாடு சித்திரையில் இரட்டைக் குட்டி போட்டது, ராத்திரி இரண்டு மணிக்கு. ஒரு குட்டி எழுந்து நிற்கவே இல்லை. அத்தை சீம்பாலைக் கறந்து விரலில் வைத்துச் சப்பக் கொடுத்தார், விடிவதற்குள் அது நின்றது. அந்தக் குட்டிதான் இன்றைக்கு எங்கள் பட்டியிலேயே பெரிய ஆடு.

* * *

விருதுநகர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மேலே தீவனம் பற்றிப் படித்ததும் எனக்கு நடந்ததைச் சொல்லணும் என்று தோன்றியது. எங்களுடையது கரிசல், சோளம் அறுத்த காடு. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது, அடுத்த வாரம் சோளக்கட்டை முழுவதும் துளிர்த்துப் பச்சைப்பசேல் என்று நின்றது. இரண்டு மாசமாகக் காய்ந்த தட்டையே தின்ற ஆடுகள், பாவம் தின்னட்டும் என்று விட்டேன். கால் மணி நேரம்தான். மூன்று ஆடு மூச்சு வாங்கிக்கொண்டு, வாயில் நுரை தள்ளி விழுந்தன. டாக்டர் வந்து இரத்த நாளத்தில் ஊசி போட்டு இரண்டைக் காப்பாற்றினார், ஒன்று அவர் வருவதற்கு முன்பே போய்விட்டது. வெயிலில் வாடிய இளஞ்சோளத்திலும் மழைக்குப் பின் வரும் துளிரிலும் சயனைடு நஞ்சு இருக்கும், பயிர் பூவெடுத்த பிறகு குறையும், நன்றாகக் காய வைத்தால் பெருமளவு போய்விடும். அந்த அறிவு எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற எல்லாருக்கும் இருந்திருக்கிறது, நான்தான் யாரிடமும் கேட்கவில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் தயவுசெய்து ஊரில் ஆடு மேய்க்கிற ஒருத்தரை முதல் மாசமே சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள்.

* * *

நான் மானாமதுரை. கோழிதான், ஆடு இல்லை. குஞ்சுத் தீவனத்துக்குக் காசு கொடுக்காமல் ஓட்டுகிறோம் என்பதால் எழுதுகிறேன். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். விடியும் முன் எடுத்துவிடணும், வெயில் பட்டால் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அப்புறம் கோடையில் அடைக்கு வைக்கிற முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். ஈரமணல் போட்ட சட்டியில் மேலே ஒரு துணி விரித்து அதில் முட்டையை வைத்தால் சூடு ஏறாது. நான் முதல் வருஷம் சமையல்கட்டுப் பரணில் வைத்துப் பதினைந்தில் மூன்றுதான் பொரித்தது.

கீரிக்கும் ஒரு வழி சொல்லணும். கூண்டின் சுவர் மட்டும் கெட்டியாக இருந்து பிரயோஜனம் இல்லை, தரையைத் தோண்டி உள்ளே வரும். அடியில் ஒரு அடி ஆழத்துக்குக் கம்பிவலையை இறக்கிய பிறகுதான் எங்களுக்குத் தூக்கம் வந்தது.

* * *

மூலனூரிலிருந்து மறுபடியும். செலவில் எது பெரிது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வேலிதான். எங்கள் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவது சில வருஷமாகவே பெரிய கொடுமை, காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராட்டமே நடத்தினார்கள். படலை நம்பி இருந்தவர்கள் ஒரே ராத்திரியில் பத்து ஆட்டை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் பட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பிவலை போட்டோம், வெளி வேலிக்குக் கிளுவைக் குச்சி ஊன்றியிருக்கிறோம், அது அடைய வருஷம் ஆகும்.

இன்னொன்று. நான் இன்றைக்குத் திரும்ப ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் ஆடியில் அகத்தி விதைத்துவிட்டு, அது எட்டாவது மாசம் வெட்டுக்கு வரும்போது இரண்டே ஆடு வாங்குவேன். ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்று சொல்வார்களே, அது நிஜம்: புழுக்கை போட்ட பாத்தியில் அடுத்த தையில் வைத்த கத்திரி வித்தியாசமாகவே நின்றது. வெள்வேல விதையைக் கூடக் கொஞ்சம் முளைக்கப் போட்டிருக்கிறேன். ஆடு தின்று கழித்த விதை சீக்கிரம் முளைக்கும் என்று அத்தை பட்டியிலிருந்தே பொறுக்கிக் கொடுத்தார், பதினோரு கன்று வந்திருக்கிறது. மழை பிடித்ததும் மேற்கு ஓரத்தில் வைக்கணும்.