மோஜோலிஷியஸ்: மரண அறிவித்தல் பக்கத்துக்கு மட்டும் வேற லேஅவுட், றூட்டில குடுத்தும் மாறேல்ல

வடலி:

வணக்கம், ஒரு விசயத்தில ரெண்டு நாளா மாட்டுப்பட்டு நிக்கிறன், தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ.

எங்கட ஊர் சனசமூக நிலையத்துக்கு ஒரு வெப்சைட் இருக்குது. பேர்ள்ல மோஜோலிஷியஸ் எண்ட வெப் பிரேம்வேர்க்கை வைச்சு முந்தி ஒரு அண்ணை செய்துதந்தவர், அவர் இப்ப கனடாவில, வேலை பிள்ளையள் எண்டு அவருக்கு நேரமில்லை, அதால போன வருசத்தில இருந்து நான்தான் பாக்கிறன். வாசிகசாலைப் புத்தகப் பட்டியல், கூட்ட அறிவித்தல், விளையாட்டுப்போட்டி முடிவு, மரண அறிவித்தல் எல்லாம் அதிலதான் போடுறது. வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் கூடத் தேடிவாறது அந்தக் கடைசிப் பக்கத்துக்குத்தான்.

நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் மேல ஒரு பெரிய பனர் போடுறனாங்கள், மஞ்சளும் சிவப்புமா, மயில் படத்தோட, வாழ்த்தும் எழுதி. அது லேஅவுட்டுக்குள்ள (எல்லாப் பக்கத்தையும் சுத்திவாற பொதுவான வெளிப்பகுதி) கிடக்கிறபடியால் எல்லாப் பக்கத்திலயும் வரும். இந்தமுறை திருவிழா நேரம் ஊரில ஒரு அம்மா மோசம் போட்டா, அறிவித்தல் போட்டனான், அவவின்ர படத்துக்கு மேல அந்த மயில் பனர் நிக்குது, நான் கவனிக்கேல்ல. லண்டனில இருந்து மகள் கோல் எடுத்தவ. ஏசக்கூட இல்லை, "தம்பி, அம்மாவின்ர படத்துக்கு மேல இருக்கிறதை ஒருக்கா எடுத்துவிடுவியளே" எண்டு மட்டும் கேட்டவ. அண்டைக்கு முழுக்க பனரையே கழட்டி வைச்சன், இரவு நித்திரையும் வரேல்ல. இனி ஆருக்கும் இப்பிடி நடக்கக்கூடாது.

சரி, செய்தது இதுதான். லேஅவுட்ஸ் போல்டருக்குள்ள டிஃபோல்ட் எண்டு ஒரு ஃபைல்தான் இருந்தது, அதைக் கொப்பி பண்ணி துயர் எண்டு பேர் வைச்சு பனரை எடுத்து நிறத்தையும் அமத்தினன். பிறகு மரண அறிவித்தல் றூட்டில (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் எண்டு சொல்லுற இடம்) லேஅவுட் துயர் எண்டு குடுத்தன். ஒண்டும் மாறேல்ல, எரரும் இல்லை. கொன்ட்ரோலருக்குள்ள ஸ்டாஷை (பக்கத்துக்கு வேண்டிய விபரங்களை மோஜோ வைச்சிருக்கிற இடம்) லொக்கில எழுதிப் பாத்தால் லேஅவுட் துயர் எண்டுதான் காட்டுது, ஆனா பக்கத்தைத் திறந்தால் மயில் நிக்குது.

இன்னொண்டு, நான் கம்பஸில படிச்சது ஜாவா. லேஅவுட்டை ஒரு கிளாஸா எழுதி, பேஸ் கிளாஸில இருந்து எடுத்து, வேணுமெண்ட துண்டை மட்டும் ஓவர்ரைட் பண்ணுற மாதிரி மோஜோவில ஏதும் வழி இருக்கோ?

கடலோரம்:

தம்பி, றூட்டில பிழை இல்லை. மரண அறிவித்தல் டெம்ப்ளேட்டை (அந்தப் பக்கத்தின்ர எச்டிஎம்எல் அச்சு) திறந்து முதல் வரியைப் பாரும், இப்பிடி ஒண்டு கிடக்கும் எண்டு நினைக்கிறன் (பேருகளைத் தமிழ் எழுத்தில தாறன், ஃபைலுக்குள்ள இங்கிலிசில அடியும்):

% லேஅவுட் 'டிஃபோல்ட்';

மோஜோ முதல்ல உள்டெம்ப்ளேட்டைத்தான் ஓட்டும், அதில வாற எச்டிஎம்எல்லைக் கையில வைச்சுக்கொண்டு பிறகுதான் ஸ்டாஷில லேஅவுட் எண்டு என்ன கிடக்குது எண்டு பாத்து அந்த ஃபைலை எடுத்துச் சுத்தும். நீர் றூட்டில குடுத்தது கொன்ட்ரோலர் வரைக்கும் பத்திரமா வருகுது, அதாலதான் லொக்கில துயர் எண்டு தெரியுது. பிறகு டெம்ப்ளேட் ஓடேக்க அந்த முதல் வரி ஸ்டாஷுக்குள்ள திரும்ப டிஃபோல்ட் எண்டு எழுதிவிடுது. கடைசியா எழுதினது ஆரோ அவர் வைச்சதுதான் சட்டம். கற்றலிஸ்டில (அதுவும் ஒரு பேர்ள் வெப் பிரேம்வேர்க்) டெம்ப்ளேட் டூல்கிட்டோட வேலை செய்திருந்தால் அங்க ராப்பர் எண்டு ஒண்டு இருக்கும், அதுவும் உள்ளுக்கு முதல், சுத்துறது பிறகு. கற்றலிஸ்டைத் துவக்கினதும் மோஜோலிஷியஸை எழுதினதும் ஒரே ஆள்தான், செபஸ்தியான் ரீடல்.

அதால அந்த வரியை எல்லா டெம்ப்ளேட்டில இருந்தும் தூக்கும். ஸ்டார்ட்அப்புக்குள்ள (அப் துவங்கேக்க ஓடுற மெதட்) ஒரு இடத்தில மட்டும் இதைப் போடும்:

$செல்ஃப்->டிஃபோல்ட்ஸ்(லேஅவுட் => 'டிஃபோல்ட்');

றூட்டில குடுக்கிறது இதை மேவும். மரண அறிவித்தலுக்குக் கீழ நினைவஞ்சலி, 31ஆம் நாள் எண்டு கன பக்கம் இருக்குமெண்டால் எல்லாத்துக்கும் தாயா ஒரு றூட் வைச்சு அதில ஒருக்கா லேஅவுட் குடுத்தால் காணும், பிள்ளை றூட்டுகளுக்கு அது தானா இறங்கும். அழிக்க முந்தி கிட் (பழைய கோட்டைச் சேமிச்சு வைக்கிற கருவி) எண்டதில கொமிட் பண்ணிப்போட்டுச் செய்யும்.

வடலி:

அண்ணை, அதேதான்! 38 ஃபைல், அதில 35இல அந்த வரி. எல்லாத்திலயும் எடுத்துப்போட்டு ஸ்டார்ட்அப்பில போட்டன், மயில் போயிட்டுது. மனம் இப்பதான் கொஞ்சம் ஆறுது.

இன்னொரு சந்தேகம். புத்தகப் பட்டியலில ஒரு பக்கத்தில தலைப்புப்பட்டை ரெண்டுதரம் வந்துகொண்டிருந்தது, ஒண்டு மேல, ஒண்டு பட்டியலுக்கு நடுவில. அதுவும் இப்ப தானா சரியாப்போச்சு. ஏன்?

கடலோரம்:

பட்டியல் வரிசையை ஒரு சின்ன டெம்ப்ளேட்டா வைச்சு பெரிய பக்கத்துக்குள்ள இன்க்ளூட் பண்ணியிருப்பார் அந்த அண்ணை. இன்க்ளூட் செய்யேக்க மோஜோ லேஅவுட்டைக் கழட்டிப்போட்டுத்தான் ஓட்டுறது, துண்டுக்குத் தலைப்பு ஒட்டாது. ஆனா அந்தத் துண்டுக்குள்ளயே லேஅவுட் வரி கிடந்தால் அது தனக்கெண்டு ஒரு முழுப்பக்கத்தையே சுத்திக்கொண்டு வரும். அதான் நடுவில ஒண்டு வந்தது.

கீரிமலை:

இவ்வளவு பாடு படத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். பக்கத்தின்ர பொடி டாக்கில ஒரு சிஎஸ்எஸ் கிளாஸ் போட்டு, மரண அறிவித்தல் எண்டால் பனரை சிஎஸ்எஸ்ஸில மறைச்சுவிட்டால் முடிஞ்சுது, ஒரு லேஅவுட்டே காணும்.

நெய்தல்:

கீரிமலை, நிறம் எழுத்து மாத்த அது நல்ல வழி, நானும் செய்யிறனான். பனருக்கு வேண்டாம். இமேஜ் டாக்கில இருக்கிற படம் மறைச்சாலும் போனுக்கு இறங்கத்தான் செய்யும், வாழ்த்தும் பக்கத்துக்குள்ள கிடக்கும், சிஎஸ்எஸ் ஃபைல் ஏதோ காரணத்தால வராட்டில் திரும்ப அந்த மகளின்ர கண்ணில மயில்தான். அந்தப் பக்கத்தில அது அறவே இருக்கக்கூடாது.

வடலி, நீங்கள் கேட்ட கிளாஸ் விசயத்துக்கு வாறன், கடலோரம் அண்ணை அதைத் தொடேல்ல. லேஅவுட்டைக் கொப்பி பண்ணினது எனக்குப் பிடிக்கேல்ல தம்பி. நாளைக்கு நிலையத்தின்ர போன் நம்பர் மாறும், ஒண்டில மாத்துவியள், மற்றதை மறந்துபோவியள், மறந்துபோறது மரண அறிவித்தல் பக்கத்திலதான் நடக்கும், செத்தவீட்டுக்கு எப்பிடிப் போறது, எத்தினை மணிக்கு எடுக்கிறது எண்டு கேக்க ஆக்கள் நம்பர் தேடுறதும் அதிலதான்.

மோஜோவில லேஅவுட் கிளாஸ் இல்லை, வெறும் டெம்ப்ளேட். ஆனா நீங்கள் ஜாவாவில படிச்ச அந்தக் குணம் இதிலயும் இருக்குது. டிஃபோல்ட் லேஅவுட்டுக்குள்ள பனர் இருக்கிற இடத்தைப் பேர் வைச்ச ஒரு துண்டா மாத்துங்கோ:

<%= கொன்டென்ட் பனர் => பிகின் %>
(மயில் பனர் இங்க)
<% எண்ட் %>

பிறகு துயர் லேஅவுட்டில இருக்கிற எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு மூண்டு வரி மட்டும்:

% எக்ஸ்டென்ட்ஸ் 'லேஅவுட்ஸ்/டிஃபோல்ட்';
% கொன்டென்ட் பனர் => பிகின்
% எண்ட்

கொன்டென்ட் எண்ட ஹெல்ப்பர் பேர் வைச்ச ஒரு துண்டை முதல் ஆர் நிரப்பினமோ அவையின்ரதைத்தான் வைச்சிருக்கும். துயர் முதல் ஓடும், பனரை வெறுமையா நிரப்பும், வெறுமை எண்டாலும் அது நிரப்பினதுதான். பிறகு டிஃபோல்ட் ஓடேக்க ஏற்கனவே ஒண்டு கிடக்குது எண்டு மயிலை விட்டுவிடும். ஜாவாவில பிள்ளை கிளாஸ் எழுதின மெதட் பேஸில இருக்கிறதை மேவுறது போலத்தான், ஆனா இங்க ஓடுற வரிசையால நடக்குது. நடுவில வாற அறிவித்தல் அப்பிடியே தன்ர இடத்தில வந்து நிக்கும், அதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை.

கொன்டென்ட்ஃபோரையும் இதையும் குழப்பாதேங்கோ. கொன்டென்ட்ஃபோர் இருக்கிறதோட கூட்டி ஒட்டும், ஒவ்வொரு பக்கமும் தன்ர ஜாவாஸ்கிரிப்டை ஹெட்டுக்குள்ள சேர்க்கிற மாதிரி வேலைக்குத்தான் அது. இருக்கிறதை வெட்டி மாத்தவெண்டு கொன்டென்ட்வித் எண்டும் ஒண்டு இருக்குது, உங்களுக்கு இப்ப வேண்டாம்.

ரெண்டு இடத்தில நான் நல்லா அடிபட்டனான், அதையும் சொல்லுறன். துயர் ஃபைலில பிகின், எண்ட் வரியளுக்கு வெளியில ஏதும் எழுதினால் அது பக்கத்தில வரவே வராது, நான் ஒரு பின்னேரம் முழுக்க அதைத் தேடினனான். மற்றது, பொடி கிளாஸுக்கு லேஅவுட்டின்ர பேரையே ஸ்டாஷில இருந்து எடுப்பம் எண்டு நினைப்பியள், லேஅவுட் ஃபைல் ஓடேக்க மோஜோ அந்தப் பேரை ஸ்டாஷில இருந்து அழிச்சுப்போட்டுத்தான் ஓட்டும், ஒண்டும் கிடைக்காது. றூட்டில பக்கவகை எண்டு வேற ஒரு பேரில குடுத்து அதைப் பாவியுங்கோ.

பனை:

நெய்தல் அக்கா சொன்னதோட ஒண்டு. சேர்வரில ஹிப்னோடோட் (மோஜோவோட வாற வெப் சேர்வர்) ஓடினால் டெம்ப்ளேட்டை மாத்திப்போட்டு பிரவுசரை ரிஃப்ரெஷ் பண்ணிக்கொண்டு இராதேங்கோ, டெம்ப்ளேட் ஒருக்கா கம்பைல் ஆகி மெமரியில இருக்கும். ஹிப்னோடோட் கட்டளையைத் திரும்ப ஒருக்கா அடிச்சால் இருக்கிற ஆக்களைக் குழப்பாமல் புதுசு ஏறும். வீட்டில மோர்போவில (செய்துபாக்கிறதுக்கு மோஜோவோட வாற மற்ற சேர்வர்) செய்யேக்க அது தானா பாத்து ரீஸ்டார்ட் பண்ணுறபடியால் இந்த வித்தியாசம் கன பேருக்குத் தெரியாது.

பிறகு, தலைப்பு டைட்டில் ஹெல்ப்பரால வருகுதெண்டால் கொன்ட்ரோலர் ஃபைல் மோஜோ பேஸைப் பாவிக்குதோ எண்டு பாருங்கோ. அது யூடிஎஃப்8ஐத் தானா போட்டுவிடும். பழைய மொட்யூலில அது இல்லாமல் தமிழில சொல் எழுதியிருந்தால் செத்தவையின்ர பேரே குறியளா வரும்.

வடலி:

நெய்தல் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தன். துயர் ஃபைல் 112 வரி இருந்தது, இப்ப மூண்டு. டிஃபோல்ட்டையும் துயரையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தன், நீங்கள் சொன்ன போன் நம்பர் ஏற்கனவே வித்தியாசமாத்தான் கிடந்தது, நான் கொப்பி பண்ணினபிறகு செயலாளர் மாத்தச் சொல்லி ஒண்டில மட்டும் மாத்தியிருக்கிறன். ரெண்டே நாளில.

கீரிமலை, பக்கவகையால நிறத்தை சிஎஸ்எஸ்ஸில அமத்தினன், அதுக்கு உங்கட வழிதான்.

பனை சொன்ன ஹிப்னோடோட் விசயம் தெரியாட்டில் இண்டைக்கும் மண்டை உடைஞ்சிருக்கும், அடிச்சு ஏத்தின பிறகுதான் சேர்வரில மாறினது. பழைய அறிவித்தல் எல்லாத்தையும் ஒவ்வொண்டாத் திறந்து பாத்தன், ஒண்டிலயும் பனர் இல்லை, பேரெல்லாம் வடிவாத் தெரியுது. அந்த அம்மாவின்ர பக்க லிங்கை மகளுக்கு அனுப்பிப்போட்டன்.

கடலோரம் அண்ணை, நினைவஞ்சலிக்குத் தாய் றூட் இன்னும் வைக்கேல்ல, இண்டைக்கு ரெண்டு அறிவித்தல் போட இருக்குது, போட்டிட்டு அதைச் செய்யிறன்.