ஒரே ஒரு இலைல ஆரம்பிச்சது: ஆப்பிரிக்கன் வயலட் வளத்தவங்க உங்க கதையையும் சொல்லுங்க

ஜன்னலோரம்:
எனக்கு செடி வளக்குற கையே கிடையாது, அத முதல்லயே சொல்லிடறேன். கூட வேலை பாத்த அக்கா ஒருத்தங்க வேலைய விட்டு போற அன்னிக்கு, அவங்க மேசைல இருந்த வயலட்ல ஒரு இலைய காம்போட கிள்ளி ஈர டிஷ்யூல சுத்தி என் கைல குடுத்துட்டு "இத மண்ணுல சொருகிட்டு மறந்துடு"ன்னாங்க. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, ஒத்த இலைய வச்சுகிட்டு என்ன பண்றது. வீட்டுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் கப்புல அடில ஓட்ட போட்டு, கோகோபீட்டும் பெர்லைட்டுன்னு கடைல கெடைக்குற லேசான வெள்ளைக் கல்லும் பாதிக்கு பாதி கலந்து, காம்ப சாய்வா வெட்டி சொருகி மேல ஒரு கவர் போட்டு வச்சேன். சொருகுறது ஈஸி, மறக்குறதுதான் முடியல. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ வேர் வந்துச்சான்னு புடுங்கி பாத்துட்டே இருந்தேன், அதனாலயே ஒரு மாசம் ஒண்ணும் வரல. அப்புறம் ஆபீஸ்ல வேலை கழுத்த நெரிச்சதுல நெஜமாவே மறந்துட்டேன். ரெண்டரை மாசம் கழிச்சு பாத்தா காம்படில எலிக்காது சைஸ்ல குட்டி குட்டியா அஞ்சு இலை. அன்னிக்கு வீட்ல எல்லாரையும் கூப்ட்டு காட்டி அசிங்கப்பட்டேன், யாருக்கும் அதுல என்ன இருக்குன்னே புரியல.

அதுலருந்து நாலு கன்னு பிரிச்சேன், மூணு பொழச்சுது, எட்டாவது மாசம் முதல் பூ. ஊதா கலர், சாதா ஒத்த அடுக்கு, அதுக்கே நான் பண்ண அலம்பல் கொஞ்ச நஞ்சம் இல்ல. இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு, கடைல வாங்குனதும் சேத்து மொத்தம் ஆறு தொட்டி. ஜன்னல் பக்கம் வெளிச்சம் கொறஞ்சிடுச்சுன்னு போன மாசம் ஒரு எல்இடி டியூப் வாங்கி ஷெல்ஃப்ல மாட்டி தினம் 16 மணி நேரம் போடறேன். இப்ப ஒரு சின்ன விஷயம், ரெண்டு தொட்டில மட்டும் நடு இலை எல்லாம் கைய மூடுன மாதிரி நெருக்கமா சின்னதா வருது, பூவும் இல்ல. சத்து பத்தலன்னு நெனச்சு உரத்த டபுளாக்கிட்டேன். சரி அது கெடக்கட்டும், உங்க கதைய சொல்லுங்க, யாருக்கு எப்படி ஆரம்பிச்சுது?

இலைக்கிறுக்கி:
என் கதைய அப்புறம் சொல்றேன் தம்பி, முதல்ல அந்த உரத்த நிறுத்துங்க. அந்த ரெண்டு தொட்டியையும் இன்னிக்கே தூக்கி வேற ரூம்ல வைங்க, தொட்டா சோப்பு போட்டு கை கழுவிட்டுதான் மத்ததத் தொடணும். ஏன்னு சொல்றேன்.

மூணு வருஷம் முன்னாடி எங்கிட்ட அறுபது தொட்டி இருந்துச்சு. ஒரு நாள் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், பிங்க் கலர், ஓரம் ஃப்ரில் வச்ச மாதிரி பூ, பாத்த ஒடனே மயங்கிட்டேன். புது செடிய ஒரு மாசமாவது தனியா வைக்கணும்னு ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்குறவ நானு, அன்னிக்கு ஷெல்ஃப்ல ஒரு எடம் காலியா இருந்துச்சுன்னு நேரா கொண்டு போய் நடுவுல வச்சேன். ஆறு வாரத்துல பக்கத்து செடி ஒவ்வொண்ணா நடுக்குருத்து சுருங்க ஆரம்பிச்சுது. இலை சாம்பல் பூத்த மாதிரி, முடி மட்டும் அடர்த்தியா, தொட்டா பொட்டுனு ஒடையுது, மொட்டு வந்தாலும் கோணலா வந்து விரியாமலே காஞ்சிடுது. சைக்ளமன் மைட்னு ஒரு சிலந்திப் பேன், கால் மில்லிமீட்டர் கூட இருக்காது, கண்ணுக்கே தெரியாது, குருத்துக்குள்ள இருட்டுல ஒளிஞ்சிகிட்டு சாப்பிடும். அத சுமந்துட்டு போய் செடிக்கு செடி பரப்புனது வேற யாரும் இல்ல, என்னோட தூசி தட்டுற பிரஷ்தான். சாதா பூச்சி மருந்துக்கு அது அசையல, மைட்டுக்குன்னே இருக்குற மருந்துதான் வேணும், அது புரியறதுக்குள்ள முப்பத்தி நாலு தொட்டி குப்பைக்கு போச்சு. ரெண்டு நாள் சரியா சாப்பிடல, சொன்னா சிரிப்பீங்க.

ஆனா ஒங்களுது மைட்தான்னு நான் சத்தியம் பண்ணல. லைட் ரொம்ப கிட்ட இருந்தாலும் நடு இலை இப்படித்தான் நெருங்கும், உரம் அதிகமானாலும் நெருங்கும். நடு இலை முடில துருப்பிடிச்ச கலர்ல பொடிப்பொடியா படிஞ்சிருக்கான்னு ஒரு லென்ஸ் வச்சு பாருங்க, இருந்தா அது உரத்துலருந்து படிஞ்ச உப்பு. லைட் எவ்ளோ ஒயரத்துல இருக்கு?

ஜன்னலோரம்:
அக்கா பயமுறுத்தாதீங்க. லைட் ஒரு ஜாண் கூட இருக்காது, 15 செ.மீ. சொல்லலாம். லென்ஸ் இல்ல, போன் கேமராவ ஜூம் பண்ணி பாத்தேன், ஒண்ணுல ஆரஞ்சு கலர்ல என்னமோ இருக்கு. இன்னொண்ணுல அது இல்ல, ஆனா முடி மட்டும் நெறய.

இலைக்கிறுக்கி:
அப்ப ரெண்டுக்கும் ஒரே வியாதியா இருக்கணும்னு இல்ல. லைட்ட 30 செ.மீ.க்கு ஏத்துங்க, 16 மணி நேரம் வேணாம் 11, 12 போதும், பூ வைக்கணும்னா அதுக்கு ராத்திரின்னு ஒண்ணும் வேணும். ஆரஞ்சு இருக்குற தொட்டில ரூம் சூட்டுல இருக்குற தண்ணிய மேல இருந்து நெறய ஊத்தி அடில ஓட விடுங்க, ரெண்டு மூணு தடவ. ஒரு மாசம் பாருங்க. லைட்டுனால சுருங்குன செடின்னா புதுசா வர்ற இலை விரிஞ்சு வரும். மைட்டுன்னா விரியாது.

திரி போட்டவன்:
நான் கொன்ன கணக்க சொல்றேன். நாலு. நாலும் தண்ணி. இலை தொவண்டு கெடந்துச்சு, தாகம்னு ஊத்துனேன், இன்னும் தொவண்டுச்சு, இன்னும் ஊத்துனேன். கடைசில தூசி தட்டலாம்னு லேசா தூக்குனா முழு செடியும் கையோட வந்துடுச்சு, கீழ வேரே இல்ல, பழுப்பு கூழ் மட்டும். வேர் அழுகுனாலும் இலை தொவளும், தண்ணி இல்லாட்டியும் தொவளும், மேல இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், இது யாராவது முதல்லயே சொல்லித் தொலச்சிருக்கலாம். இப்ப தொட்டிய தூக்கி பாத்து வெயிட் கொறஞ்சிருந்தாதான் ஊத்தறது.

அப்புறம்தான் திரி முறைக்கு மாறுனேன். தொட்டி அடி ஓட்டைல ஒரு நூல விட்டு, கீழ ஒரு டப்பால தண்ணி, மூடில ஓட்ட போட்டு நூல் மட்டும் தண்ணில தொங்கும், தொட்டி தண்ணிய தொடாது. முதல்ல பருத்தி நூல் போட்டேன், ரெண்டு மாசத்துல மக்கி அறுந்துடுச்சு, ஸ்வெட்டர் பின்னுற அக்ரிலிக் நூல்தான் நிக்குது. இன்னொரு தப்பு, பழைய கெட்டி மண்ணுலயே திரிய போட்டேன், அது ஓயாம உறிஞ்சி உறிஞ்சி சேறாயிடுச்சு. திரி போடறதா இருந்தா கலவைல பாதிக்கு பெர்லைட் இருக்கணும், கைல அள்ளுனா காத்து மாதிரி இருக்கணும். இப்ப பத்து நாள் வெளியூர் போனாலும் கவலை இல்ல, வந்து பாத்தா நான் இருக்கறப்ப விட நல்லா இருக்கு, அதுதான் கொஞ்சம் மனசுக்கு கஷ்டம்.

மூணாவது மாடி:
இலைல தண்ணி படவே கூடாதுன்னு பயந்து பயந்து ரெண்டு வருஷம் ஓட்டுனேன். தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, *குளிர்ந்த* தண்ணி பட்டாதான் வெளுப்பா வட்டம் வட்டமா கறை விழும், அது போகவே போகாது. வெதுவெதுப்பா இருந்தா குழாய்க்கு கீழயே காட்டி தூசி கழுவலாம், நடுக்குருத்துல நிக்குற தண்ணிய மட்டும் டிஷ்யூ வச்சு ஒத்தி எடுத்துடணும், காயற வரைக்கும் வெயில்ல வைக்கக் கூடாது. என் செடி முதல் தடவ குளிச்ச அன்னிக்குதான் அதோட இலை நெஜமா என்ன பச்சைன்னே எனக்கு தெரிஞ்சுது.

பழைய தொட்டி:
பிள்ளைகள் எல்லாம் எழுதுறதை படிச்சுட்டு இந்த கெழவனும் ரெண்டு வார்த்தை. நான் வேலையில இருந்து ஓய்வு பெற்ற அப்புறம்தான் இதுல இறங்குனேன், பதினோரு வருஷம் ஆகுது. ஆரம்பத்துல எல்லாத்தையும் பெரிய பெரிய தொட்டியில வச்சேன், பிள்ளை தாராளமா வளரட்டும்னு. ஒண்ணு கூட பூக்கலை. அப்புறம் இது எங்கேருந்து வந்த செடின்னு தேடிப் படிச்சேன். பேர்தான் வயலட்டு, நெஜ வயலட்டுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இப்ப தான்சானியாவா இருக்குற நாடு அப்ப ஜெர்மன்காரன் கையில இருந்துச்சு, அங்க அதிகாரியா இருந்த வால்டர் வான் செயின்ட் பால்னு ஒருத்தர் உசம்பாரா மலையில இதைப் பாத்துட்டு 1892 வாக்குல ஊர்ல இருந்த தன் அப்பாவுக்கு அனுப்பியிருக்கார். அப்பா அதை ஜெர்மனியில ஹெரன்ஹவுசன் தோட்டத்துல இருந்த தாவரவியல்காரர் வெண்ட்லாண்ட்கிட்ட குடுக்க, அவர் 1893ல அந்த குடும்பப் பேரையே வச்சு செயின்ட்பாலியான்னு பேர் போட்டார். 2015ல அந்தப் பேரையும் கழட்டி ஸ்ட்ரெப்டோகார்பஸ்ங்கிற சொந்தக்காரச் செடி கூட்டத்துல சேத்துட்டாங்க, எனக்கு அதுல வருத்தம்தான்.

நான் சொல்ல வந்தது வேற. அந்த மலையில இது பாறை இடுக்குல, மர நிழல்ல, பாசி மேல ஒட்டிக்கிட்டு வளருற செடி. ஒரு பிடி மக்குதான் அதுக்கு மண்ணே. அதைக் கொண்டு வந்து வாளி சைஸ் தொட்டியில போட்டா, வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமா நின்னு புளிச்சுத்தானே போகும்? இப்ப இலை விரிஞ்ச அகலத்துல மூணுல ஒரு பங்குதான் தொட்டி, 30 செ.மீ. செடிக்கு 10 செ.மீ. தொட்டி. பாக்க தலை பெருத்த குழந்தை மாதிரி இருக்கும், ஆனா பூக்கும். கீழ் இலை உதிர்ந்து உதிர்ந்து கழுத்து மொட்டையா நீண்டுச்சுன்னா வேர்ப்பந்துல அடிப்பாகத்தை அவ்வளவு நீளத்துக்கு வெட்டிட்டு, கழுத்தை மண்ணுக்குள்ள இறக்கி அதே தொட்டியில வையுங்க. முதல் தடவை வெட்டும்போது எனக்கு கை நடுங்குச்சு.

இதோட சொந்தக்காரங்கள்ல குளோக்ஸினியான்னு ஒண்ணு, பிரேசில் செடி, மணி மாதிரி வெல்வெட்டு பூ. என் வீட்டுக்காரிக்கு ரொம்ப பிடிக்கும். பூத்து முடிஞ்சு இலையெல்லாம் மஞ்சளாகி காஞ்சுது. செத்துருச்சேன்னு தூக்கிப் போட்டேன். அடுத்த வருஷம் இன்னொண்ணு, அதுவும் அப்படியே, அதையும் போட்டேன். மூணாவதை போடப் போனப்ப தொட்டி கவுந்து உள்ளேருந்து உருளைக்கிழங்காட்டம் ஒண்ணு உருண்டுச்சு, அமுக்கிப் பாத்தா கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. தூங்குற செடியை ரெண்டு தடவை குப்பையில போட்டிருக்கேன்னு அப்பதான் உறைச்சுது. அந்தக் கிழங்கை இருட்டான அலமாரியில தண்ணி காட்டாம வச்சேன், ரெண்டு மாசம் சொச்சத்துல தானா முளை விட்டுச்சு. வீட்டுக்காரி இன்னும் அந்த ரெண்டைச் சொல்லிக் காட்டுறா.

கோடு போட்ட பூ:
ஐயா உங்க குளோக்ஸினிய விட பெரிய முட்டாள்தனம் எங்கிட்ட இருக்கு. வெள்ளை இதழ்ல நடுவுல நீலக் கோடு, காத்தாடி மாதிரி இருக்கும்ல, கைமீரா வகை, அத ஒரு தோழிகிட்ட கெஞ்சி கூத்தாடி ஒரு இலை வாங்குனேன். பதினோரு மாசம் வளத்தேன். பூத்துச்சு. முழு நீலம். கோடும் இல்ல ஒண்ணும் இல்ல. ஏமாத்திட்டாளோன்னு அவகிட்ட ஒரு வாரம் சரியா பேசல. அப்புறம்தான் தெரியுது, கைமீராவுல மேல் தோலும் உள் சதையும் வேற வேற மரபு, இலைலருந்து கன்னு வரும்போது அந்த அடுக்கு அப்படியே வராது. பக்கக் கன்னு எடுத்து வைக்கணும், இல்ல பூக்காம்ப வேர் விட வைக்கணும். பாவம் அவளுக்கும் இது தெரியாது. இப்ப அவளே ஒரு பக்கக் கன்னு குடுத்துருக்கா, கோடு வந்தா சொல்றேன்.

மூணாவது மாடி:
@கோடு போட்ட பூ மன்னிப்பு கேட்டீங்களா

கோடு போட்ட பூ:
கேக்கல. எபிஷியான்னு வயலட்டுக்கு சொந்தமான ஒரு கொடி குடுத்தேன், அதுவே மன்னிப்புதான். அது அவ வீட்டு ஏசி குளிர்ல ஒரே வாரத்துல கறுத்துப் போச்சு, அது வேற கதை.

பொறுமை போச்சு:
யாராச்சும் பூ மேல மஞ்ச பவுடர் கொட்டுன மாதிரி பாத்துருக்கீங்களா? நான் அழகா இருக்குன்னு போட்டோலாம் எடுத்து வச்சிருந்தேன். அது இலைப்பேன் மகரந்தப் பைய ஒடச்சு தின்னுட்டு சிந்துனதாம், வயலட் தானா மகரந்தத்த கொட்டாதாம். அத்தன பூவையும் மொட்டையும் கிள்ளி போட்டு ரெண்டு மாசம் பூவே விடாம வச்சிருந்தேன். பூக்கறதுக்காகவே வளக்குற செடில தெனம் காலைல மொட்டு கிள்ளுறது மாதிரி கொடும வேற இல்ல.

ஜன்னலோரம்:
அஞ்சு வாரம் கழிச்சு வந்துருக்கேன். அக்கா சொன்ன மாதிரி லைட்ட ஏத்துனேன், 12 மணி நேரமாக்குனேன், ஆரஞ்சு படிஞ்ச தொட்டிய மூணு தடவ அலசுனேன். அதுல புதுசா வந்த மூணு இலை விரிஞ்சு வந்துருக்கு, பழைய சுருங்குன இலைங்க அப்படியேதான் இருக்கு, நடுவுல மட்டும் நல்ல பச்சை.

இன்னொண்ணு விரியல. குருத்து இன்னும் இறுகி சாம்பலா ஆச்சு, ஒரு மொட்டு வந்து வளஞ்சு காஞ்சுது. அதுதான் அந்த முதல் இலைல வந்த செடி, முதல்ல பூத்தது. ஒரு இலைய மட்டும் கிள்ளி வச்சுக்கலாமான்னு இலைக்கிறுக்கி அக்காவுக்கு தனியா மெசேஜ் போட்டேன், இலையோட மைட்டும் சேந்து வரும், வேணாம்னுட்டாங்க. தொட்டியோட கவர்ல கட்டி போட்டுட்டேன். அதோட கூடப்பொறந்த ரெண்டும் ஷெல்ஃப்ல நல்லாதான் இருக்கு, தெனம் குருத்த ஜூம் பண்ணி பாக்கறேன்.

வேலைய விட்டு போன அந்த அக்காவுக்கு போன் பண்ணி சொன்னேன். அவங்ககிட்ட இப்ப வயலட்டே இல்லையாம், வீடு மாறுறப்ப எல்லாம் போயிடுச்சாம். ரெண்டு மாசம் குருத்துல எந்த கோளாறும் இல்லன்னா ஒரு இலை அனுப்பறேன்னு சொல்லிருக்கேன்.