அவசர உதவி: ஏர்லெஸ் மெஷின் பெயிண்ட் இழுக்கல

மன்னை பெயிண்டர்
அண்ணே, சுவத்துக்கு பெயிண்ட் பீச்சுற மெஷின் ஓடுது, பெயிண்ட் இழுக்கவே இல்ல. காலைலேர்ந்து போராடுறேன். நெல் குடோன் வேலை. ஆளுங்க நாலு பேர் சும்மா நிக்கிறாங்க. நாளைக்கு மூட்டை அடுக்கணும்ங்கிறாரு மில்காரர். யாராச்சும் சொல்லுங்க.

வெண்ணாற்றங்கரை
பம்ப் பிஸ்டனா, டயாபிரமா? எமல்ஷனா, எனாமலா? கடைசியா எப்ப ஓட்டினீங்க?

சீர்காழி வைண்டிங்
முதல்ல வோல்டேஜ் பாருங்க. சுத்தி போர் மோட்டாரெல்லாம் ஓடுற நேரத்துல எங்க பக்கம் 180க்கு இறங்கிடுது. ஒயர் எவ்வளவு நீளம்? 1 ஸ்கொயர் எம்எம் ஒயர நீளமா இழுத்தா மோட்டார் முக்கும். 2.5 போடுங்க.

மன்னை பெயிண்டர்
பிஸ்டன். எமல்ஷன். மோட்டார் நல்லாத்தான் சுத்துது.

வெண்ணாற்றங்கரை
கடைசியா எப்ப ஓட்டினீங்கன்னு சொல்லலையே தம்பி.

மன்னை பெயிண்டர்
பொங்கலுக்கு முன்னாடி. தண்ணி விட்டு கழுவித்தான் வச்சேன்.

பழைய மெக்கானிக்
இதையே எத்தனை தடவை இங்க எழுதிட்டேன். மெஷின் வாங்கத் தெரியுது, கூட வர்ற புத்தகத்தைப் பிரிக்கத் தெரியல. தண்ணியோட நிறுத்தினா உள்ள துரு பிடிக்கும், மிச்சப் பெயிண்ட் காய்ஞ்சு, பெயிண்டை உள்ள விடுற அடி வால்வுல இருக்கிற குண்டு ஒட்டிக்கும். தண்ணிக்கு அப்புறம் மினரல் டர்பன்டைன் இழுக்க விட்டு வச்சிருக்கணும்.

வெண்ணாற்றங்கரை
விஷயம் சரிதான், திட்டை அப்புறம் வச்சுக்கலாம். தம்பி, முதல்ல பிரஷரைக் குறைச்சு, சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்குங்க. பீச்சுற கன்னை வாளிக்குள்ள பிடிச்சு விசையை அமுக்கி விடுங்க, பிறகு ப்ரைம் வால்வை, அதான் பெயிண்டைத் திருப்பி வாளிக்கு விடுற வால்வைத் திறங்க. அதுக்கு அப்புறம்தான் உறிஞ்சு குழாயைக் கழட்டணும். அடியில பென்சில் விட்டு மெதுவா மேல தள்ளிப் பாருங்க, குண்டு அசையணும். அசையலன்னா வால்வு உடம்புல லேசா சுத்தியலால தட்டுங்க. வடிகட்டியையும் பாருங்க, அடைச்சிருந்தாலும் இழுக்காது.

நாகை படகுத்துறை
பம்ப் மேல பிஸ்டன் தண்டைச் சுத்தி இருக்கிற கப்புல எண்ணெய் இருக்கா? நான் தேங்காய் எண்ணெய்தான் விடுறேன், ஒரு கோளாறும் வரல.

பழைய மெக்கானிக்
மார்கழில உறையுற எண்ணெயை பிஸ்டன் தண்டுக்கு விடுறீங்களா? அதுக்குன்னு விக்கிற சீல் ஆயில் இருக்கு. வேலை தொடங்குறப்ப சில சொட்டு விட்டா போதும்.

நாகை படகுத்துறை
அது எங்க ஊர்க் கடைல கிடைக்கல சார். கிடைக்கிறதைத்தானே விட முடியும்?

சீர்காழி வைண்டிங்
எங்க பக்கம் இன்ஜின் ஆயில் விடுறாங்க.

பழைய மெக்கானிக்
அது வழிஞ்சு பெயிண்ட்ல கலந்தா சுவத்துல புள்ளி புள்ளியா விலகி நிக்கும். அப்ப அதையும் இங்கதான் வந்து கேப்பாங்க.

நாகை படகுத்துறை
கப்புல இருக்கிறது ஏன் உள்ள போகப் போகுது? தண்டைச் சுத்தி கசியாம அடைக்கிற பேக்கிங் தேஞ்சிருந்தா பெயிண்ட்தான் கப்புக்கு மேல ஏறி வரும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, பேக்கிங் மாத்தினேன்.

வெண்ணாற்றங்கரை
எண்ணெய்ச் சண்டைக்கு வேற இழை போடுங்க ரெண்டு பேரும். தம்பி, இன்னொண்ணு. கன் முனைல இருக்கிற டிப் அடைச்சா விரலை வச்சுப் பாக்காதீங்க. 200 பார் அழுத்தம், தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில ஊசி குத்தின மாதிரிதான் தெரியும். அப்படி ஆனா வலி இல்லன்னு வீட்டுக்குப் போகக் கூடாது, உடனே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு ஓடணும். என்கூட வேலை பாத்த பையன் ராத்திரி முழுக்கப் பொறுத்துட்டு மறுநாள் போனான். விரலை எடுத்துட்டாங்க.

மன்னை பெயிண்டர்
குண்டுதான் அண்ணே. ரெண்டு தட்டுல விட்டுருச்சு. அடிச்சுக்கிட்டு இருக்கோம். ரொம்ப நன்றி.

வெண்ணாற்றங்கரை
சந்தோஷம். ஒரு சோதனை பண்ணிடுங்க. பிரஷர் ஏத்தி கன்னை மூடினா மோட்டார் நிக்கணும். நிக்காம தண்டு மெல்லக் கீழ இறங்கினா அடி வால்வு கசியுது, மேல ஏறினா பிஸ்டன் பேக்கிங். சாயங்காலம் கழுவுற தண்ணியை வாய்க்கால்ல விடாதீங்க, அந்தத் தண்ணிதான் நாத்தங்காலுக்குப் போகுது. கடைசியா டர்பன்டைன் மறக்காதீங்க.

வெண்ணாற்றங்கரை (மூணு நாள் கழிச்சு)
தம்பி, மோட்டார் நின்னுச்சா?